பனிக்குடச் சவ்வு: எந்தப் பக்கம் புண்ணில் பட வேண்டும்?

செம்பனை முள் குத்தியதும் பூட்ஸ் உரசியதும் மரத்துப்போன காலுக்குத் தெரியாது. அதனால்தான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பீடோர், தாப்பா, சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்களின் கால் புண் முற்றிய பிறகே கிளினிக்குக்கு வருகிறது. அங்கே கட்டுப் போடும் தாதிகளுக்கும், வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கும், புண்ணை மூடப் பனிக்குடச் சவ்வைப் பயன்படுத்துவது பற்றிய குறிப்பு இது.

கருப்பையில் குழந்தையைச் சுற்றியிருக்கும் பனிக்குடச் சவ்வுக்கு, அதாவது ஆம்னியனுக்கு, சொந்தமாக ரத்தக்குழாய் கிடையாது. ஆனால் புண்ணில் ரத்தக்குழாய் முளைப்பதை அது தூண்டவும் செய்யும், தடுக்கவும் செய்யும். பளபளப்பான மேல்தோல் பக்கத்தில் திராம்போஸ்பாண்டின் போன்ற தடுப்பான்கள் உண்டு. ஒட்டும் தன்மையுள்ள அடிப்பக்கத்தில் வி.இ.ஜி.எஃப் போன்ற தூண்டிகள் உண்டு. எலிகளில் செய்த ஆய்வுகளில், எந்தப் பக்கம் திசுவைத் தொடுகிறது என்பதைப் பொறுத்தே விளைவு மாறியது. கருவிழியில் ரத்தக்குழாய் படராமலிருக்க இதே சவ்வைக் கண் மருத்துவர்கள் பயன்படுத்துவது அதன் தடுக்கும் தன்மைக்காக. கால் புண்ணுக்கு வேண்டியது தூண்டும் பக்கம். ஆகவே ஒட்டும் பக்கம் கீழே.

ஈரச் சவ்வில் பக்கத்தைக் கண்டுபிடிக்க, உலர்ந்த பஞ்சுமுனையால் லேசாகத் தொட்டு இழுங்கள். ஒட்டும் பக்கத்திலிருந்து கோழைபோல மெல்லிய இழை நீண்டு வரும். பளபளப்பான பக்கத்தில் வராது. காய்ந்த சவ்வில் இந்தச் சோதனை பலிக்காது, உறையிலுள்ள குறியைத்தான் பார்க்க வேண்டும். குறி இல்லாவிட்டால் ஊகிக்காதீர்கள், கொடுத்தவர்களைக் கேளுங்கள்.

போடுவதற்கு முன் காலுக்கு ரத்தம் வருகிறதா என்று பார்ப்பது மிக முக்கியம். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை ரத்த அழுத்தத்தால் வகுங்கள். 0.9க்குக் கீழே வந்தால் தமனி அடைப்பு இருக்கிறது. முதலில் அதைச் சரிசெய்ய மருத்துவரிடம் அனுப்புங்கள். 1.4க்கு மேல் வந்தால் தமனி இறுகியிருக்கிறது, அந்த எண்ணை நம்பாமல் கால்விரல் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். ரத்தமே வராத காலில் எந்தச் சவ்வாலும் புதுக்குழாய் வளர்க்க முடியாது.

பிறகு செத்த திசுவை நீக்கி, ரத்தக் கசிவு நின்றதும், புண் விளிம்பைத் தாண்டிச் சில மில்லிமீட்டர் வரும்படி சவ்வை வைத்துச் சலைன் சொட்டுகளால் நனையுங்கள். அடியில் காற்றுக்குமிழி நின்றால் அந்த இடத்தில் பிடிக்காது. நனைத்த பஞ்சால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். மேலே ஒட்டாத சிலிக்கான் வலை, அதன் மேல் காஸ். ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாம், அது புதுச் செல்களையும் கொல்லும்.

கட்டு மாற்றும்போது வெளிக் காஸை மட்டும் எடுங்கள். சவ்வை உரித்தால் முளைத்த குழாய்களும் கிழியும். அடியில் மாதுளை முத்துபோலச் சிவப்பு மணிகள் தெரிந்தால் அது புதுக் குழாய். வெளிறியோ கறுத்தோ இருந்தால், சீழ், நாற்றம், காய்ச்சல் இருந்தால் அன்றே மருத்துவமனை. நான்கு வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாகக் குறையாவிட்டாலும் மறுபரிசோதனை வேண்டும். புண் ஆறும்வரை அந்தக் காலில் பாரம் விழக்கூடாது, பூட்ஸ் கூடவே கூடாது.