கணினி செஸ் போட்டிக்கு ஓபனிங் புக் தயாரிப்பது எப்படி

பெங்களூரில் அல்சூர், கே.ஆர்.புரம், எலெக்ட்ரானிக் சிட்டி என்று ஆளுக்கொரு மூலையில் குடியிருக்கும் தமிழ் மென்பொருள்காரர்களில், பகலில் அலுவலக நிரலும் இரவில் சொந்தச் செஸ் எஞ்சினும் எழுதுகிற சிலர் உண்டு. விடுமுறை நாட்களில் யாராவது ஒருவர் வீட்டில் மடிக்கணினிகளோடு கூடி எஞ்சின்களை மோத விடுகிற அவர்களிடம் ஒரு குறை பொதுவாகத் தென்படுகிறது. தேடல் முறையைச் செப்பனிட ஆறு மாதம் உழைத்தவர்கள்கூட, தொடக்க நகர்த்தல்களின் தொகுப்பான ஓபனிங் புக்கை மட்டும் இணையத்திலிருந்து இறக்கி அப்படியே இணைத்துவிடுகிறார்கள். புக் முடிந்த அடுத்த நகர்த்தலிலேயே எஞ்சின் தடுமாறுவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். ஓரளவு நிரல் எழுதத் தெரிந்த, சொந்த எஞ்சின் வைத்திருக்கிற வாசகரை மனத்தில் கொண்டு இக்கட்டுரை எழுதப்படுகிறது.

புக் தயாரிக்க உட்காருவதற்கு முன் போட்டியின் விதிகளைப் படிக்க வேண்டும். எஞ்சின்களுக்கான இணையப் போட்டியான டிசிஇசி போன்றவற்றில் தொடக்க நகர்த்தல்களை அமைப்பாளரே தருகிறார். ஒரே தொடக்கத்தை இரண்டு எஞ்சின்களும் நிறம் மாற்றி இருமுறை ஆடுகின்றன. அங்கே உங்கள் புக்குக்கு வேலையே இல்லை. உலகக் கணினி செஸ் சாம்பியன்ஷிப்பில் அப்படி இருக்கவில்லை. ஒவ்வொரு அணியும் தன் புக்கைத் தானே கொண்டு வந்தது, அதைத் தயாரிப்பதற்கென்றே தனி ஆள் இருந்தார். ரிப்கா எஞ்சினுக்குப் புக் எழுதிய ஜெரோன் நூமன் பின்னாளில் டிசிஇசிக்குத் தொடக்கங்களைத் தேர்ந்தெடுத்தார் என்பதால், இரண்டு வேலைகளுக்கும் வேண்டிய அறிவு ஒன்றே என்று நினைக்கத் தோன்றும். நோக்கம் வேறு: அமைப்பாளர் இரு தரப்புக்கும் நியாயமான சோதனையைத் தேடுகிறார், அணிக்காரர் தன் எஞ்சினுக்குத் தோதான களத்தைத் தேடுகிறார். இனி வருவதெல்லாம் இரண்டாவது வேலையைப் பற்றியது.

புக்கின் தரத்தை அதன் கடைசி நகர்த்தலை வைத்தே மதிப்பிட வேண்டும் என்பது என் கருத்து. முதல் எட்டு நகர்த்தல்கள் எல்லோருடைய புக்கிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எஞ்சின் சொந்தமாக யோசிக்கத் தொடங்கும் அந்த நிலை அதற்குப் புரிகிற நிலையா என்பதில்தான் வேறுபாடு. உலகச் சாம்பியன் காஸ்பரோவுக்கும் ஐபிஎம்மின் டீப் புளூ கணினிக்கும் இடையே 1997 மே 11 அன்று நடந்த ஆறாவது ஆட்டத்தில், காஸ்பரோவ் காரோ-கான் தற்காப்பில் ஏழாவது நகர்த்தலாக எச்6 ஆட, டீப் புளூ தன் குதிரையைப் பலி கொடுத்து இ6 சிப்பாயை வெட்டியது. அந்தப் பலி தேடலில் கண்டுபிடித்ததன்று. கிராண்ட்மாஸ்டர் ஜோயல் பெஞ்சமின் முதலியோர் உழைத்த புக்கில் இருந்தது. பலிக்குப் பிறகு கறுப்பு ராஜா நடுவில் சிக்கிக்கொள்ள, எஞ்சினுக்குக் கைவந்த கணக்குப்போடும் ஆட்டமாக அது மாறியது. வெள்ளையின் 19-வது நகர்த்தலோடு ஆட்டம் முடிந்தது.

எஞ்சினின் குணத்தைத் தெரிந்துகொள்ளல்

முதல் வேலை, உங்கள் எஞ்சின் எங்கே நன்றாக ஆடுகிறது என்று பார்ப்பது. கைவசமுள்ள பழைய ஆட்டங்களைத் தொடக்கங்களை வகைப்படுத்தும் இசிஓ குறியீட்டின்படி பிரித்து, தோற்ற ஆட்டங்களில் எஞ்சினின் மதிப்பீடு (நிலை யாருக்குச் சாதகம் என்று சொல்லும் எண்) எப்போது சரியத் தொடங்கியது என்று குறித்துக்கொண்டால் போதும். நாமே எண்களை நிரப்பி எழுதிய மதிப்பீட்டுச் சார்பு உள்ள எஞ்சின்கள், திறந்த நிலைகளில் தம் பலத்துக்கு மீறி ஆடும்; சிப்பாய்கள் நடுவில் பூட்டிக்கொள்ளும் நிலைகளில் என்ன செய்வதென்று தெரியாமல் காய்களை முன்னும் பின்னும் நகர்த்தும். கிங்ஸ் இந்தியனில் கறுப்பு ஆடும்போது இதைக் கண்கூடாகக் காணலாம். எஃப்5 தள்ளுவதற்காகப் புக் குதிரையை எஃப்6-லிருந்து டி7-க்குக் கொண்டுபோய் வைக்கும். அங்கே புக் முடிந்ததும், எஞ்சின் அதே குதிரையை மீண்டும் எஃப்6-க்கே கொண்டு வரும். இரண்டு நகர்த்தல்கள் வீண், எதிராளி ராணிப் பக்கத்தில் புகுந்துவிடுவார்.

பெங்கோ கேம்பிட் போன்ற, ஒரு சிப்பாயைக் கொடுத்து நீண்டகால அழுத்தத்தைப் பெறும் தொடக்கங்களையும் இத்தகைய எஞ்சினுக்குத் தரக் கூடாது. கொடுத்த சிப்பாய்க்கு ஈடாக என்ன கிடைத்தது என்று தெரியாத எஞ்சின், அதை மீட்பதிலேயே காலத்தைப் போக்கும். ஸ்காட்ச், திறந்த சிசிலியன், கறுப்புக்கு இ5 என்று நேராக நிற்கும் தொடக்கங்கள் ஆகியவை பாதுகாப்பானவை. நரம்பு வலை மதிப்பீடு கொண்ட எஞ்சின்களுக்கு இந்தக் கட்டுப்பாடு அவ்வளவு தேவையில்லை; ஆனாலும் சோதித்துப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

ஆட்டங்களைத் திரட்டுதலும் எடையும்

மூல ஆட்டங்கள், நகர்த்தல்களை எழுத்தாகப் பதியும் பிஜிஎன் வடிவில் தாராளமாகக் கிடைக்கின்றன. வாரந்தோறும் வெளிவரும் 'தி வீக் இன் செஸ்' தொகுப்பு, எஞ்சின்கள் தமக்குள் ஆடிய சிசிஆர்எல் தொகுப்பு, ஐசிசிஎஃப் கடிதவழி ஆட்டங்கள் ஆகிய மூன்றே போதுமானவை. கடிதவழி ஆட்டக்காரர்கள் நாள் கணக்கில், எஞ்சின் துணையோடு யோசித்து ஆடுவதால், கூர்மையான தொடக்கங்களுக்கு அவற்றையே நான் முதலில் பார்ப்பேன். பிளிட்ஸ் ஆட்டங்களையும், சிறப்பு நிலையிலிருந்து தொடங்கிய ஆட்டங்களையும், பத்துப் பதினைந்து நகர்த்தல்களில் கைகுலுக்கிக்கொண்ட டிராக்களையும் விலக்கிவிட வேண்டும். ஒரே ஆட்டம் இரண்டு மூன்று தொகுப்புகளில் இருக்கும் என்பதால், பிஜிஎன்-எக்ஸ்ட்ராக்ட் கருவியைக் கொண்டு நகல்களை நீக்குவதும் அவசியம்.

திரட்டிய ஆட்டங்களைப் புக் தயாரிக்கும் பாலிகிளாட் கருவியிடம் கொடுத்து, மேக்ஸ்-பிளை 24 (இரு தரப்பும் சேர்ந்து 24 நகர்த்தல்கள்) என்று சொன்னால் தரப்புக்கு 12 நகர்த்தல்கள் கொண்ட புக் சில நிமிடங்களில் வந்துவிடும். அது மூலப்பொருள் மட்டுமே. பாலிகிளாட் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எடை போடும் முறையைப் பார்த்தால் காரணம் விளங்கும்: வெற்றிக்கு 2, டிராவுக்கு 1, தோல்விக்கு 0. ஒரு நகர்த்தல் 40 ஆட்டங்களில் வந்து 10 வெற்றி, 20 டிரா, 10 தோல்வி பெற்றிருந்தால் அதன் எடை 40. இன்னொரு நகர்த்தல் 6 ஆட்டங்களில் வந்து 5 வெற்றியும் 1 டிராவும் பெற்றிருந்தால் எடை 11. எடைக்கேற்பத் தேர்ந்தெடுக்கும்போது முதல் நகர்த்தல் நூற்றுக்கு 78 முறை வரும். சரிபாதிப் புள்ளி எடுத்த நகர்த்தல், ஏறக்குறைய எல்லா ஆட்டத்தையும் வென்றதை ஓரங்கட்டிவிடுகிறது. அதற்காக இரண்டாவதை நம்பிவிடவும் முடியாது. அந்த ஐந்து வெற்றிகளும் நாற்பதாவது நகர்த்தலில் யாரோ செய்த தவறால் வந்தவையாக இருக்கலாம். புள்ளிவிவரம் எந்த நகர்த்தல்களைப் பரிசீலிக்கலாம் என்று சொல்லும், எதை ஆடலாம் என்று சொல்லாது.

எனவே, மூலப் புக்கைப் பார்த்துக்கொண்டே, நீங்கள் ஆட விரும்பும் வரிசைகளை மட்டும் கையால் தனிப் பிஜிஎன் கோப்பாக எழுதுவதே நல்லது. வெள்ளைக்கு ஒரு கோப்பு, கறுப்புக்கு ஒரு கோப்பு. வெள்ளைக் கோப்பில் எல்லா வரிசைகளுக்கும் முடிவை 1-0 என்று எழுதினால், வெள்ளையின் நகர்த்தல்களுக்கு மட்டும் எடை சேரும். கறுப்புக் கோப்பில் 0-1. அதிகம் வர வேண்டிய வரிசையை இருமுறை எழுதினால் எடை இரட்டிப்பாகும். ஒரு நகர்த்தல் குறைந்தது இத்தனை ஆட்டங்களில் வந்திருக்க வேண்டும் என்ற மின்-கேம் வரம்பை 1 ஆக்க மறந்தால், கையால் எழுதியதில் பெரும்பகுதி காணாமல் போய்விடும். கடைசியில் மெர்ஜ்-புக் கட்டளையால் இரண்டையும் இணைக்கலாம். ஒரே நிலையில் முரண்பாடு வந்தால் முதலில் கொடுத்த கோப்பே வெல்லும் என்றாலும், யார் ஆட வேண்டிய முறை என்பது நிலையை அடையாளம் காட்டும் எண்ணான சாவியிலேயே அடங்கியிருப்பதால் வெள்ளைப் புக்கும் கறுப்புப் புக்கும் மோதிக்கொள்ளா.

எவ்வளவு அகலமாக எழுதுவது? உங்கள் தரப்பில் ஒவ்வொரு கிளைக்கும் ஒன்று அல்லது இரண்டு நகர்த்தல்கள். எதிராளி தரப்பில், அவர் ஆடக்கூடிய எல்லாவற்றுக்கும் பதில். ஒரே ஒரு பாதை மட்டும் இருந்தால், முந்தைய போட்டியின் ஆட்டங்களைப் பார்த்த எதிராளி அடுத்த முறை அதற்கென்றே மருந்து அரைத்துக்கொண்டு வருவார்.

முடிவு நிலைகளைச் சோதித்தல்

இந்த வேலைக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு வரிசையும் முடியும் நிலையை எடுத்து, ஸ்டாக்ஃபிஷ் போன்ற வலுவான எஞ்சினிடம் ஓரிரு நிமிடம் கொடுத்து மதிப்பீட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதே நிலையை உங்கள் எஞ்சினிடம் போட்டியில் கிடைக்கும் நேரத்தை மட்டும் கொடுத்து ஆட விட வேண்டும். இரண்டு எண்களையும் நேரடியாக ஒப்பிடுவது தவறு. ஸ்டாக்ஃபிஷ் 15.1 முதல், 1.00 என்ற மதிப்பீடு வெற்றி வாய்ப்பு 50 விழுக்காடு என்று பொருள்படும்படி அளவு மாற்றப்பட்டிருக்கிறது. உங்கள் எஞ்சினின் 1.00 வெறும் ஒரு சிப்பாயாக இருக்கலாம். ஒப்பிட வேண்டியது வரிசைமுறையை: ஸ்டாக்ஃபிஷ் நன்று என்று சொல்லும் நிலைகளையே உங்கள் எஞ்சினும் நன்று என்கிறதா? ஒன்று சமம் என்க, மற்றொன்று தோல்வி என்று பதறினால், அந்த நிலை உங்கள் எஞ்சினுக்கு ஆகாது. வரிசையை இரண்டு மூன்று நகர்த்தல்கள் நீட்டிப் பாருங்கள். அப்போதும் புரியவில்லை என்றால் வெட்டிவிடுங்கள்.

பிறகு இந்த முடிவு நிலைகளை, நிலைகளைப் பட்டியலிடும் இபிடி கோப்பாக்கி, எஞ்சின்களை மோத விடும் கியூட்செஸ் கருவியில் தொடக்கமாகக் கொடுத்து, உங்கள் எஞ்சின் போட்டியில் எந்த நிறத்தில் அந்த நிலைக்கு வருமோ அந்த நிறத்திலேயே, நிறம் மாற்றாத நோஸ்வாப் விருப்பத்தோடு, பல எஞ்சின்களுக்கு எதிராக ஆட விடலாம். 10 வினாடியும் நகர்த்தலுக்கு 0.1 வினாடியும் என்ற வேகம் போதும். ஆட்டங்களின் எண்ணிக்கையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பத்தில் நான்கு டிராவாகும் நிலையில், 100 ஆட்டங்களின் முடிவில் ஏறக்குறைய 50 ஈலோ (ஆட்ட பலத்தை அளக்கும் புள்ளி) முன்பின் இருக்கும். 1000 ஆட்டங்கள் ஆடினாலும் 17 அளவுக்கு ஐயம் மிஞ்சும். நூறு ஆட்டங்களில் 52 புள்ளி எடுத்துவிட்டது என்று ஒரு வரிசையைக் கொண்டாடுவதில் பொருளில்லை.

மறைந்திருக்கும் இரண்டு பொறிகள்

பாலிகிளாட் புக் நிலையை மட்டுமே அறியும், ஆட்ட வரலாற்றை அறியாது. ரூய் லோபஸில் சைட்செவ் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை பத்தாவது நகர்த்தலாக டி4 ஆட, கறுப்பு யானை இ8-க்குப் போகிறது. வெள்ளைக் குதிரை ஜி5-க்குப் பாய்கிறது. யானை எஃப்8-க்குத் திரும்புகிறது. குதிரையும் எஃப்3-க்குத் திரும்புகிறது. இப்போது பலகை டி4 ஆடிய நொடியில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. இரு தரப்புப் புக்கும் அதே பதிலையே சொல்லும். ஒரு நொடிகூட யோசிக்காமல் மும்முறை மறுநிகழ்வில் ஆட்டம் டிராவாகும். பலம் குறைந்த எதிராளியிடம் அரைப் புள்ளியை இப்படி இழப்பதைவிட எரிச்சலூட்டுவது வேறில்லை. புக் சொல்லும் நகர்த்தல் ஏற்கெனவே வந்த நிலைக்குக் கொண்டுபோனால் அதைப் புறக்கணிக்கும்படி எஞ்சினிலேயே நான்கு வரி எழுதிவிடுங்கள்.

இரண்டாவது, புக்கைப் படிக்கும் நிரலை நீங்களே எழுதினால் வருவது. ஒவ்வொரு பதிவும் 16 பைட்: சாவிக்கு 8, நகர்த்தலுக்கு 2, எடைக்கு 2, கற்றலுக்கு 4; பெரிய பைட் முதலில் வரும். காஸ்லிங்கை ராஜா தன் யானை நிற்கும் கட்டத்துக்குப் போவதாகப் பாலிகிளாட் எழுதும். அதை அப்படியே ஆடினால் விதிமீறலாகும். ஆன்-பசான் (இரண்டு கட்டம் நகர்ந்த சிப்பாயைப் பக்கத்துச் சிப்பாய் வெட்டுவது) கணக்கைச் சாவியில் சேர்ப்பது, அப்படி வெட்டக்கூடிய சிப்பாய் உண்மையிலேயே பக்கத்தில் நிற்கும்போது மட்டுமே. சிப்பாய் இரண்டு கட்டம் நகர்ந்தபோதெல்லாம் அதைச் சேர்த்துவிட்டால், முதல் நகர்த்தலாக இ4 வந்ததுமே சாவி பொருந்தாமல் எஞ்சின் புக்கை விட்டு வெளியேறிவிடும். வடிவத்தின் விளக்கத்தோடு வெளியிடப்பட்டுள்ள சோதனைச் சாவிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இந்தப் பிழை உடனே பிடிபடும்.

போட்டி நாள்

இடைமுகத்துக்கு ஒரு புக்கும் எஞ்சினுக்கு இன்னொரு புக்கும் இருந்தால் எது பேசுகிறது என்று தெரியாமல் போகும். ஒன்றை அணைத்துவிட வேண்டும். இடைமுகத்தோடு யுசிஐ நெறிமுறையில் பேசும் எஞ்சின்களில் ஓன்புக் என்ற விருப்பம் இதற்காகவே இருக்கிறது. கடிகாரத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். 15 நிமிடமும் நகர்த்தலுக்கு 10 வினாடியும் என்ற ஆட்டத்தில், 12 நகர்த்தல்களை உடனுக்குடன் ஆடி முடித்த எஞ்சினிடம் ஏறத்தாழ 17 நிமிடம் இருக்கும். அந்த மிச்சத்தை முதல் சொந்த நகர்த்தலில் தாராளமாகச் செலவிட நேர நிர்வாக நிரலில் இடம் வையுங்கள். வழக்கமான பங்கைப்போல இரண்டு மடங்கு கொடுப்பது என் வழக்கம்.

மழைக்காலத்து மாலையில் கரண்ட் போனால் மடிக்கணினி பேட்டரிக்கு மாறும், செயலியின் வேகம் இறங்கும். வீட்டில் யுபிஎஸ் இருக்கிறதா என்று ஆட்டம் நடத்துபவரிடம் முன்னமே கேட்டுக்கொள்ளவும். முதல் நாள் இரவில் புதிதாகத் தோன்றிய வரிசையைச் சேர்க்க வேண்டாம். சோதிக்காத கிளையை அடுத்த மாதத்துக்கு ஒத்திவையுங்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும், புக் எந்த நகர்த்தலில் முடிந்தது, அப்போது எஞ்சின் காட்டிய மதிப்பீடு என்ன, ஐந்து நகர்த்தல்கள் கழித்து அது எங்கே நின்றது என்ற மூன்றையும் எழுதி வையுங்கள். ஆட்டம் தோற்றிருந்தாலும் இந்த மூன்றும் நன்றாக இருந்தால் புக்கைத் தொடத் தேவையில்லை. வென்ற ஆட்டத்திலேயே மதிப்பீடு சரிந்திருந்தால் திருத்த வேண்டிய வரிசை அதுதான்.