குடும்ப வழக்குச் சட்டத் திருத்தத்துக்கு யோசனை எழுதுவது: திருகோணமலை மாவட்டத்தவருக்கு

இலங்கையில் ஒரு சட்டமூலம் பாராளுமன்றத்தில் நிறைவேறி, அதை உறுதிப்படுத்தும் சபாநாயகரின் சான்றுரையைப் பெற்றுவிட்டால், பிறகு எந்த நீதிமன்றத்திலும் அதைக் கேள்விக்குட்படுத்த முடியாது. அரசியலமைப்பின் 80(3)ஆம் உறுப்புரை அந்தக் கதவைச் சாத்திவிடுகிறது. பழைய சட்டங்களுக்கு 16(1) காவல் நிற்கிறது: அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் அவை செல்லுபடியாகும். ஆகவே தாபரிப்பு (வாழ்க்கைச் செலவுக்கான பணம்), விவாகரத்து, பிள்ளைகளின் கட்டுக்காவல் (பிள்ளை யாருடைய பொறுப்பில் இருப்பது), காதி நீதிமன்றம் (முஸ்லிம்களின் விவாக வழக்குகளை விசாரிப்பது) ஆகியவற்றில் மாற்றம் கேட்பவர்கள் சட்டம் வந்தபின் முறையிட்டுப் பயனில்லை. வரைபு எழுதப்படும்போதே கையில் ஒரு தாள் இருக்க வேண்டும். அந்தத் தாளை எப்படித் தயாரிப்பது என்பதே இங்கே.

"திருகோணமலைக்குக் குடும்ப நீதிமன்றம் வேண்டும்" என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். 1978ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம் குடும்ப நீதிமன்றம் என்ற ஒன்றை ஏற்கெனவே வகுத்திருந்தது. பின்னர் அதன் அதிகாரம் மாவட்ட நீதிமன்றத்திடமே போய்ச் சேர்ந்தது. எனவே இந்தக் கோரிக்கையைப் படிக்கும் அதிகாரி "மாவட்ட நீதிமன்றம் இருக்கிறதே" என்று ஒற்றை வரியில் கோப்பை மூடிவிடலாம். உண்மையான சிக்கல் வேறு. விவாகரத்தும் கட்டுக்காவலும் மாவட்ட நீதிமன்றத்தில். தாபரிப்பு, 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில். வீட்டு வன்முறைப் பாதுகாப்புக் கட்டளை, 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், அதுவும் நீதவானிடம். இருவரும் முஸ்லிம்கள் என்றால், 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் விவாகரத்தும் தாபரிப்பும் காதியிடம். காதி கட்டளையிட்ட பணத்தைக் கட்டாயப்படுத்தி வாங்க மறுபடியும் நீதவானிடம். ஒரே குடும்பம், ஒரே சண்டை, இத்தனை கோப்புகள். புல்மோட்டையிலிருந்தோ வெருகலிலிருந்தோ பஸ் ஏறி வருபவருக்கு ஒவ்வொரு தவணையும் ஒரு நாள் கூலி.

அடுத்த வேலை, உங்கள் குறையைத் தரம் பிரிப்பது. பெரும்பாலான மனுக்கள் தோற்பது இங்கேதான். சட்டத்திலேயே எழுதப்பட்ட குறை வேறு, நடைமுறைக் குறை வேறு, ஆளும் பணமும் இல்லாத குறை வேறு. பாதுகாப்புக் கட்டளை அதிகபட்சம் 12 மாதம் என்பது சட்டத்தின் வரம்பு, பாராளுமன்றம்தான் மாற்ற வேண்டும். காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணி தோன்ற முடியாது என்பதும் (1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் 74ஆம் பிரிவு), காதியாக ஆண் முஸ்லிமை மட்டுமே நியமிக்கலாம் என்பதும் (12ஆம் பிரிவு) அப்படியே. ஆனால் கணவர் வளைகுடாவில் இருப்பதால் அழைப்பாணை "முகவரியில் இல்லை" என்று திரும்புவது பெரும்பாலும் நடைமுறைச் சிக்கல். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் வழக்கு தள்ளிப்போவது ஆளணிச் சிக்கல். பிள்ளைகள் காத்திருக்க ஓர் அறை இல்லாதது பணச் சிக்கல். இவை எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கலந்தால், சட்டம் வரைபவர் ஆளணி பற்றிய பந்தியைப் பார்த்து "இது எனக்கு உரியதல்ல" என்பார், ஆளணியைக் கவனிப்பவர் சட்டப் பந்தியைப் பார்த்து அதையே சொல்வார். தனித்தனித் தாளாக எழுதுங்கள்.

எண்கள் இல்லாமல் போனால் புலம்பலாகவே பார்க்கப்படும். எண்களைக் கேட்டு வாங்க 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. நீதிமன்றங்களும் நீதி அமைச்சும் அதற்கு உட்பட்டவை. காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாய்மொழியாகக் கேட்டால் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். பதிலுக்கு 14 வேலை நாட்கள். மறுத்தால் 14 நாட்களுக்குள், மேன்முறையீட்டைக் கேட்க அதே நிறுவனத்தில் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அதிலும் திருப்தி இல்லையென்றால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

இதில் கேள்வி அமைப்புத்தான் எல்லாம். "ஏன் தாபரிப்பு வழக்குகள் தாமதமாகின்றன?" என்று கேட்டால் ஒன்றும் வராது. அந்தச் சட்டம் பதிவேட்டில் இருப்பதைத் தரும், விளக்கம் தராது. இப்படிக் கேளுங்கள்: "கடந்த 3 ஆண்டுகளில், ஆண்டுவாரியாக, திருகோணமலை நீதவான் நீதிமன்றத்தில் தாக்கலான தாபரிப்பு விண்ணப்பங்களின் எண்ணிக்கை, அவற்றில் கட்டளை பிறப்பிக்கப்பட்டவை, பணம் கட்டாததால் பிடியாணை பிறப்பிக்கப்பட்டவை." ஆட்களின் பெயரையோ வழக்கின் விவரத்தையோ கேட்காதீர்கள். தனியுரிமை என்று மறுத்துவிடுவார்கள், நாட்களும் போய்விடும். மூதூர், கந்தளாய் நீதிமன்றங்களுக்கும் தனியாகக் கேட்டால் ஒப்பிட முடியும்.

இனி தாள். இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். ஒவ்வொரு யோசனைக்கும் நான்கு வரிகள் போதும்: எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, இப்போது அது என்ன சொல்கிறது, இங்கே அதனால் என்ன நடக்கிறது, அதற்குப் பதிலாக என்ன எழுத வேண்டும். கடைசி வரிதான் ஆகக் கடினம், அதைத் தவிர்ப்பவர்களும் அதிகம். "பெண்களுக்கு நீதி வேண்டும்" என்று எழுதுவது எளிது, அதை வைத்து சட்டவரைஞர் ஒரு வாசகமும் எழுத முடியாது. ஒரு மாதிரி:

"1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. தற்போது: காதி முன் தரப்பினர் சட்டத்தரணி மூலம் தோன்ற முடியாது. விளைவு: சட்டம் தெரியாத தரப்பினர் தமது கோரிக்கையை முழுமையாக முன்வைக்க முடிவதில்லை. மாற்று: தரப்பினர் விரும்பினால் சட்டத்தரணி ஒருவர் மூலமோ, எழுத்தில் அதிகாரமளிக்கப்பட்ட வேறொருவர் மூலமோ தோன்றலாம்."

யாருடைய வழக்கு என்று தெரியும்படி எதையும் எழுதாதீர்கள். நிலுவையில் உள்ள வழக்கின் இலக்கமோ பிள்ளையின் பாடசாலைப் பெயரோ இருந்தால் அந்தத் தாள் உங்களுக்கும் பிள்ளைக்கும் எதிராகத் திரும்பும். கிராமத்தைக் கூடக் குறிப்பிடாமல் பிரதேச செயலகப் பிரிவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிரிவு எண்களைச் சொந்த நினைவிலிருந்து எழுத வேண்டாம். திருத்தச் சட்டங்களால் எண்கள் மாறியிருக்கக்கூடும். கடைசித் திருத்தம் வரை பார்க்கச் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்தில் கேட்கலாம். வழக்கை நடத்தவே உதவுகிறவர்கள், ஒரு பிரிவைச் சரிபார்த்துத் தரத் தயங்க மாட்டார்கள்.

மொழி விடயத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. சட்டத்தின் கடைசியில் சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையே ஒவ்வாமை இருந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்ற வரி இருக்கும். வரைபின் தமிழ் உரையை மட்டும் படித்து எழுதிய யோசனை, சிங்களத்தில் இல்லாத ஒன்றைத் திருத்தச் சொல்லலாம். ஆகவே நீங்கள் திருத்தக் கேட்கும் அந்த ஒரு வாசகத்தையாவது சிங்களத்தில் படிக்கக்கூடியவரிடம் காட்டி ஒத்துப்பாருங்கள். இந்த ஊரில் அப்படி ஒருவரைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. உங்கள் கடிதம் தமிழில் இருக்கலாம், தமிழும் அரச கரும மொழி. ஆனாலும் மொழிபெயர்ப்புக்காகக் கோப்பு மேசையில் கிடக்காமலிருக்க, அரைப் பக்கச் சுருக்கத்தைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இணைப்பது நல்லது.

சட்டத் திருத்த யோசனைகள் நீதி அமைச்சின் செயலாளருக்கும் சட்ட ஆணைக்குழுவுக்கும் போக வேண்டும். காதி பற்றிய சட்டத் திருத்தங்களும் அதே அமைச்சுக்குத்தான். நீதவான், மாவட்ட நீதிமன்றங்களின் ஆளணி பற்றியவை நீதிச்சேவை ஆணைக்குழுவுக்கு. மாவட்டத்தின் நான்கு பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் பிரதி அனுப்புங்கள், ஒருவரோடு நிறுத்திக்கொண்டால் அது கட்சிக் கடிதமாகிவிடும்.

சட்டமூலம் வர்த்தமானியில் வந்ததும் வேகம் கூட வேண்டும். பாராளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில் (நிகழ்ச்சி நிரலில்) ஏறியபின், அது அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்ய எந்தப் பிரஜைக்கும் உரிமை உண்டு, ஆனால் அதற்கான காலம் வாரக் கணக்கில் எண்ணும் அளவுக்குக் குறுகியது. மனு வந்தால் நீதிமன்றம் மூன்று வாரத்துக்குள் தீர்மானிக்க வேண்டும், அதுவரை பாராளுமன்றம் அந்தச் சட்டமூலத்தைத் தொடர முடியாது. அரசியலமைப்புக்கு முரணில்லாத குறைகளுக்கு இந்த வழி உதவாது. அவற்றுக்குப் பாராளுமன்றத்தின் துறைசார் மேற்பார்வைக் குழுவும், சட்டமூலத்தை வாசகம் வாசகமாகப் பார்க்கும் குழுநிலையில் செய்யும் திருத்தமும்தான். குழுநிலையில் திடீரென்று நுழையும் திருத்தங்களில் ஒரு கண் இருக்கட்டும். உயர் நீதிமன்றம் பார்த்தது வர்த்தமானியில் வந்த வரைபை, குழுநிலையில் புகுந்ததை அல்ல.

அவசரப்பட்டுப் பயனில்லாத பக்கமும் உண்டு. முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தை ஆராய நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009இல் குழு அமைந்தது. அறிக்கை அமைச்சரிடம் போனது 2018இல். அமைச்சர்கள் மாறுவார்கள், செயலாளர்கள் மாறுவார்கள், முன்னைய கடிதம் கிடைக்கவில்லை என்பார்கள். பதிவுத் தபால் பற்றுச்சீட்டை ஒரு பிரதியோடு குத்தி வைத்துக்கொள்ளுங்கள். மூலத்தைக் கணினியில் சேமித்து வைத்தால், புதிய அமைச்சர் வந்ததும் திகதியையும் எண்களையும் மட்டும் புதுப்பித்து மறுபடி அனுப்பலாம்.