கிழித்த காலண்டர் தாளில் அரசியல் கணக்கு முடிப்பது எப்படி

என்னைப் பழமைவாதி என்றால் எனக்குக் கோபம் வராது. கோயில், குடும்பம், கடனில்லாத வாழ்க்கை, ஓடுகிற வண்டியின் சக்கரத்தைக் காரணமில்லாமல் கழற்றக் கூடாது என்கிற புத்தி. என் அரசியல் அவ்வளவுதான். முப்பத்தோரு வருடம் கருவூலத்தில் பில் பார்த்தவன். மார்ச் 31 வந்தால் கணக்கு முடித்துப் பழகிய கை, ஓய்வுக்குப் பிறகு டிசம்பர் 31இல் செய்திக் கணக்கை முடிக்கிறது. கும்பகோணத்தில் என் திண்ணைக்கு வருகிறவர்கள் 'அது என்ன சார் கம்பியில் குத்தி வைத்திருக்கிறீர்கள்' என்று கேட்பதால், 2024ஆம் வருடத்தை வைத்தே செய்முறையைச் சொல்லிவிடுகிறேன்.

வேண்டிய சாமான்: தினசரி காலண்டர், பேனா, பென்சில், மளிகைக் கடையில் பில் குத்தி வைப்பார்களே அந்தக் கம்பி. காலையில் நேற்றைய தாளைக் கிழித்ததும் குப்பையில் போடாதீர்கள். பின்புறம் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: நேற்று எது பெரிய செய்தி, அதைப் பற்றி உங்கள் எண்ணம் என்ன. அறிவிக்கப்பட்ட முடிவு, நீங்களே படித்த ஆவணம் என்றால் பேனா. டிவி விவாதம், வாட்ஸ்அப், 'டெல்லி வட்டாரத்தில் பேசிக்கொள்கிறார்கள்' எல்லாம் பென்சில். கம்பியில் குத்திய பிறகு திருத்தக் கூடாது. திருத்தினால் அது போலி வவுச்சர்.

டிசம்பர் கடைசி வாரம் கட்டைக் கவிழ்த்துப் போட்டு ஜனவரியிலிருந்து படியுங்கள். கையில் சிவப்புப் பேனா. முதலில் உங்கள் ஆரூடங்களைத் தேடிப் பிடியுங்கள்.

என் ஜூன் 1 தாளில் பென்சிலில் இருக்கிறது: 'தே.ஜ. கூட்டணி 370. சந்தேகமே இல்லை.' அன்று மாலைதான் மக்களவைத் தேர்தலின் வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கருத்துக்கணிப்புகள் வந்தன. பென்சிலில் எழுதியதைப் பேனாவாக நம்பி, ஜூன் 3ஆம் தேதி ஐம்பதாயிரம் ரூபாயை மியூச்சுவல் ஃபண்டில் போட்டேன். மறுநாள் ஓட்டு எண்ணிக்கை. பா.ஜ.க. 240, கூட்டணி 293. அயோத்தி இருக்கிற ஃபைசாபாத்திலேயே தோல்வி. சென்செக்ஸ் ஒரே நாளில் 4,389 புள்ளி விழுந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சந்தை மீண்டுவிட்டது, ஆனால் அந்த மூன்று நாள் வீட்டில் எனக்கு மரியாதை மீளவில்லை.

இப்போது அக்டோபர் தாள்களுக்கு வாருங்கள். ஹரியானா சட்டசபைத் தேர்தலில் காங்கிரஸ்தான் என்று கணிப்புகள் சொல்லின. 8ஆம் தேதி எண்ணினால் 90இல் பா.ஜ.க. 48. அன்றைய தாளில் 'கணிப்பாளர்கள் முகத்தில் கரி' என்று எழுதியிருக்கிறேன். ஜூனில் அதே கணிப்பாளர்கள் தவறியபோது? 'எதிர்பாராத முடிவு' என்று மட்டும். ஒரே தவறு, இரண்டு பெயர். இரண்டு தாளையும் சேர்த்துக் குத்தி, 'ஆட்சேபணை' என்று சிவப்பில் எழுதிவைத்தேன். இந்த முறையில் முக்கியமான வேலை இதுதான்: நம் கட்சி ஜெயித்த நாளும் தோற்ற நாளும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டதா என்று பார்ப்பது.

இதைவிட மோசமான ஜோடி ஆகஸ்டில் இருக்கிறது. 17ஆம் தேதி, மத்திய அரசின் 45 உயர் பதவிகளுக்கு வெளியாட்களை நேரடியாக எடுக்க யு.பி.எஸ்.சி. விளம்பரம் கொடுத்தது. என் வரி: 'நல்ல முடிவு.' இடஒதுக்கீடு இல்லையே என்று எதிர்ப்புக் கிளம்ப, 20ஆம் தேதி விளம்பரத்தைத் திரும்பப் பெறச் சொன்னது அதே அரசு. என் வரி: 'நல்ல முடிவு.'

மூன்று நாள் இடைவெளியில், அதே கையெழுத்தில். எதிர்வீட்டுத் தோழர் (மார்க்சிஸ்ட், எல்.ஐ.சி. தொழிற்சங்கத்தில் இருந்தவர், வருடா வருடம் இந்தக் கணக்கு முடிப்புக்கு அவரை உட்கார வைப்பேன்) அதைப் படித்துவிட்டுச் சொன்னார்: "சார், இந்த ரெண்டையும் கண்ணாடி போட்டு மாட்டுங்க."

"மேற்கு வங்கத்துல உங்களுக்கு எத்தனை சீட்டு தோழர்?"

"பூஜ்யம். அதான் மதுரையும் திண்டுக்கல்லும் இருக்கே."

இப்படி ஒரு ஆள் அவசியம் வேண்டும். உங்கள் கட்சிக்காரரை உட்கார வைத்தால் எல்லாத் தாளும் பாஸாகிவிடும்.

அடுத்தது, வருடத்தில் ஒரு மசோதாவையாவது மூலத்தில் படியுங்கள். நான் எடுத்தது மக்களவைக்கும் சட்டசபைகளுக்கும் சேர்த்துத் தேர்தல் நடத்தும் 'ஒரே நாடு ஒரே தேர்தல்'. டிசம்பர் 17இல் மக்களவையில் அறிமுகம். ஆதரவு 269, எதிர்ப்பு 198. இதை ஆராய்ந்த, முன்னாள் குடியரசுத் தலைவர் கோவிந்த் குழுவின் அறிக்கை 18,626 பக்கம், அதை யாரும் படிக்கச் சொல்லவில்லை. மசோதா சில பக்கம்தான், பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்தேன். 1967 வரை சேர்ந்துதானே நடந்தது, பழையபடி திரும்புகிறோம் என்பது என் தரப்பு வாதம், எனக்கும் பிடித்திருந்தது. படித்தால் அரசியல் சட்டத்தில் 82ஏ என்று புதிய பிரிவு, 83, 172, 327 ஆகியவற்றில் திருத்தம். இடையில் சட்டசபை கலைந்தால் அடுத்து வரும் சபைக்கு மீதிக் காலம் மட்டுமே. அறுபதுகளில் இருந்த ஏற்பாட்டில் இப்படி எதுவும் கிடையாது. ஆக இது திரும்புதல் இல்லை, புது வண்டி. வேண்டுமா வேண்டாமா என்பது வேறு விஷயம். என் முந்தைய தாளின் மேல் சிவப்புச் சுழி போட்டேன்.

ஜூலை 1 தாளுக்கு மட்டும் டிக்கும் இல்லை, ஆட்சேபணையும் இல்லை. 1860ஆம் வருடத்து தண்டனைச் சட்டம் போய் புதுச் சட்டம் வந்த நாள். ஏமாற்றுக்காரனை ஃபோர் ட்வென்டி என்று திட்டிப் பழகிய வாய், இனிமேல் 318 என்று திட்ட வேண்டும். சுரத்தே இல்லை.

வெளிநாட்டுச் செய்திகளுக்கு அதிக நேரம் செலவிடாதீர்கள். வங்கதேசத்து ஹசீனா, இலங்கையின் அநுர, அமெரிக்காவின் டிரம்ப் எல்லோரையும் ஒரே உறையில் போட்டுவிட்டேன். அவற்றில் என் வரி முக்கால்வாசி பென்சில்.

கடைசியாக மரணச் செய்திகள். அவற்றைத் தனியே எடுத்துவைத்து நிதானமாகப் படிக்க வேண்டும். டிசம்பர் 26 தாளில் 'மன்மோகன் சிங்' என்று பெயர் மட்டும் எழுதியிருந்தேன். தோழர் அதைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். 2008 ஜூலை 22, அமெரிக்காவோடு போட்ட அணு ஒப்பந்தத்தை ஒட்டி மன்மோகன் அரசு மீது நம்பிக்கை வாக்கெடுப்பு. தோழர் கட்சியும் என் கட்சியும் ஒன்றாய் எதிர்த்து ஓட்டுப் போட்ட நாள். 275க்கு 256 என்று மனிதர் தப்பித்தார்.

"ஆட்சேபணை யார் பேர்ல எழுதறது தோழர்?"

"ரெண்டு பேர் பேர்லயும் எழுதுங்க சார்" என்று சிவப்புப் பேனாவை என் பக்கம் தள்ளினார்.

எழுதி முடித்ததும் கட்டைச் சணலால் கட்டிப் பரணில் போட்டுவிட்டு, கம்பியை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து வையுங்கள். போன வருடம் துடைக்காமல் விட்டதில் ஜனவரித் தாள் முழுக்கத் துருக்கறை.