வெளிமாநிலத்தில் எடுத்த வாடகைக் காருக்கு வேகக் கேமரா சம்மன் வந்தால்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் எங்களைச் சுற்றியுள்ள தோட்டக் குடும்பங்களில் பிள்ளைகள் பலர் பினாங்கிலும் ஜொகூர் பாருவிலும் வேலை செய்கிறார்கள். தீபாவளிக்கு ஊர் வரும்போது அங்கேயே வாடகைக் கார் எடுத்து வந்து, விடுமுறை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். பல வாரங்கள் கழித்து நிறுவனத்திடமிருந்து, "உங்கள் பெயரில் சம்மன் வந்திருக்கிறது" என்று வாட்சாப்பில் செய்தி வருகிறது. நான் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக இருந்தவன் என்பதால், மலாய்க் கடிதங்களோடு இந்தச் செய்திகளையும் என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறார்கள்.

என் தங்கை மகனுக்கு வந்த செய்தியில் 300 ரிங்கிட் சம்மன், 50 ரிங்கிட் நிர்வாகக் கட்டணம், இரண்டும் டெபாசிட்டிலிருந்து கழிக்கப்பட்டன என்பது மட்டுமே இருந்தது. நோட்டீசின் நகலைக் கேட்கும்படி அவனிடம் சொன்னேன். இரண்டு நாள் கழித்து வந்த அந்தத் தாளில், காரின் பின்புறப் படத்துக்கு மேலே இரவு 8.40 என்று அச்சாகியிருந்தது. வாடகை ஒப்பந்தத்தின் அடியிலோ, அதே நாள் மாலை 5.10-க்குக் காரை ஒப்படைத்ததாக நிறுவன ஊழியரே கையெழுத்துப் போட்டிருந்தார். இரண்டையும் சேர்த்துப் படம் பிடித்து அனுப்பிய பிறகுதான் பணம் திரும்பி வந்தது. ஒப்பந்தத்தின் அந்தக் கடைசிப் பக்கத்தை அவன் தூக்கிப் போட்டிருந்தால் எங்களிடம் காட்டுவதற்கு எதுவுமே இருந்திருக்காது.

ஆகவே முதல் வேலை நோட்டீசைக் கேட்டு வாங்குவதுதான். வண்டி எண், தேதி, நேரம், இடம், பதிவான வேகம், அந்த இடத்தின் வேக வரம்பு ஆகியவற்றை ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அன்று எந்த டோலை எத்தனை மணிக்குக் கடந்தீர்கள் என்பதை டச் அன் கோ கணக்கின் பதிவு காட்டிவிடும். நெடுஞ்சாலை என்றாலே 110 கிலோமீட்டர்தான் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. எங்கள் ஊருக்கும் ஈப்போவுக்கும் இடையே மெனோரா சுரங்கப்பாதை இருக்கும் மலைப்பகுதியில் வரம்பு அதைவிடக் குறைவு. சாதாரணமாக 90 இருக்கும் கூட்டரசுச் சாலைகளில் பெருநாள் காலத்தில் அதை 80-ஆகக் குறைப்பதும் உண்டு.

அடுத்து, சம்மனை அனுப்பியது யார் என்று பாருங்கள். அது காவல் துறையாக இருக்கலாம். அல்லது, 2012-இல் ஏஇஎஸ் என்று தொடங்கி இப்போது அவாஸ் எனப்படும் நிலையான கேமராக்களை நடத்தும் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயாக இருக்கலாம். கார் நிறுவனத்தின் பெயரில் இருப்பதால், உங்கள் ஐசி (அடையாள அட்டை) எண்ணைப் போட்டுத் தேடினால் எதுவும் வராது. காவல் துறையின் மைபாயார் தளத்தில் வண்டி எண்ணைக் கொண்டு தேடுங்கள்.

பலர் குழம்புவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 115-ஆம் பிரிவின்படி, அதிகாரிகள் கேட்டால் காரை ஓட்டியவர் யார் என்பதை உரிமையாளர் தெரிவித்தாக வேண்டும். நிறுவனம் உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டால் சம்மன் உங்கள் பெயருக்கு மாறும். விதிமீறலுக்கான கெஜாரா தண்டப் புள்ளிகளும் உங்கள் லைசென்சில் ஏறக்கூடும். வேறு சில நிறுவனங்கள் தாமே கட்டிவிட்டு உங்களிடம் வசூலிக்கும். இந்த இரண்டில் எது நடந்தது என்பதை எழுத்தில் கேட்டுப் பெறாமல் நீங்களாகப் போய்க் கட்டினால், ஒரே சம்மனுக்கு இரண்டு முறை பணம் போகும். நிறுவனம் கட்டியிருந்தால் ரசீதையும், நிர்வாகக் கட்டணத்துக்கு ஒப்பந்தத்தில் இடமளிக்கும் வாசகத்தையும் காட்டச் சொல்லுங்கள். அதைக் கேட்பது வாடகை எடுத்தவரின் உரிமை, தயங்க வேண்டியதில்லை.

குற்றம் உங்களுடையதுதான் என்றால் நாளைக் கடத்தாதீர்கள். 2026 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள முறையில், 15 நாளுக்குள் கட்டினால் பாதித் தொகை கழியும். 16 முதல் 30 நாளுக்குள் கட்டினால் 33 விழுக்காடு கழியும். அதன்பின் 60-ஆம் நாள் வரை முழுத் தொகை. அதையும் தாண்டினால் நீதிமன்றம். நோட்டீஸ் நிறுவனத்தின் மேசையில் கிடந்த நாட்களிலேயே கழிவு போய்விடலாம் என்பதால், அவர்கள் அதை எப்போது பெற்றார்கள் என்று கேளுங்கள். அவர்கள் தாமதித்ததால்தான் கழிவு போனது என்றால், அந்த வித்தியாசத்தை அவர்கள் ஏற்க வேண்டும் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது.

பணம் கட்டுவதற்காகச் சம்பவம் நடந்த மாநிலத்துக்குப் போக வேண்டியதில்லை. காவல் துறையும் ஜேபிஜேயும் கூட்டரசுத் துறைகள் என்பதால், ஜொகூரில் விழுந்த சம்மனைப் பேராக்கில் இருந்தபடியே கட்டலாம். ஆனால் சம்மனை எதிர்த்து வழக்காடுவதென்றால், குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் பகுதியின் நீதிமன்றத்துக்கே போக வேண்டியிருக்கும். பயணச் செலவையும் விடுப்பையும் கணக்குப் பார்த்து முடிவெடுங்கள்.

சம்மனைப் பார்க்கச் சொல்லி வாட்சாப்பில் வரும் ஏபிகே கோப்பை, அதாவது கைப்பேசியில் செயலியை நிறுவும் கோப்பை, திறக்கவே கூடாது. வங்கிப் பணத்தைத் திருடும் மோசடிக்காரர்கள் இப்படித்தான் வலை விரிக்கிறார்கள். பணம் கட்டிய சில நாள் கழித்து வண்டி எண்ணை மறுபடியும் தேடி, பதிவு நீங்கிவிட்டதா என்று பாருங்கள். நீங்கியதும் ரசீதை நிறுவனத்துக்கு அனுப்பி, மீதி டெபாசிட் எந்தத் தேதியில் கணக்கில் சேரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.