பழைய வால்வு ரேடியோ: ஸ்பீக்கரைக் கழற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1930களில் வந்த வால்வு ரேடியோ கைக்கு வந்ததும், பலர் ஸ்பீக்கரின் பிளக்கைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு, பவர் சப்ளையை மட்டும் சோதிக்க ஸ்விட்சைப் போடுகிறார்கள். பெரிய சேதம் இதில்தான் ஆரம்பிக்கிறது. அந்தக் காலத்து ஸ்பீக்கர்கள் பலவற்றில் நிரந்தரக் காந்தம் கிடையாது. ஃபீல்டு காயிலில் கரண்ட் ஓடினால்தான் காந்தமே உண்டாகும். அதே காயில்தான் பவர் சப்ளைக்கு ஃபில்டர் சோக், அதாவது உறுமலை வடிகட்டும் சுருள். அதைக் கழற்றினால் ரெக்டிஃபையருக்கு (ஏசியை டிசியாக மாற்றும் பகுதி) லோடு இல்லை. முதல் கெபாசிட்டர் உச்ச வோல்டேஜ் வரை ஏறிவிடும். 350-0-350 (நடு முனையிலிருந்து இரு பக்கமும் 350 வோல்ட் தரும்) டிரான்ஸ்ஃபார்மர் என்றால் அது சுமார் 495 வோல்ட். அங்கே இருப்பது 450 வோல்ட் கெபாசிட்டராக இருந்தால் வெடிக்கவும் செய்யும்.

ஃபீல்டு காயில் அறுந்துபோனால் நிரந்தரக் காந்த ஸ்பீக்கர் போடலாம், தப்பில்லை. ஆனால் காயில் இருந்த இடத்தில் இரண்டு வயரையும் முறுக்கி இணைத்துவிடக் கூடாது. 1500 ஓம் காயிலில் 60 மில்லி ஆம்பியர் ஓடினால் 90 வோல்ட் அங்கேயே குறையும். அந்த 90 வோல்ட்டும் இனி வால்வுகளின் தலையில் ஏறும். கூடவே உறுமலும் வரும். காயிலுக்குப் பதிலாக ஒரு சோக்கும் ரெசிஸ்டரும் போட்டு, இரண்டும் சேர்த்து அதே 1500 ஓம் வர வேண்டும். வெப்பம் 5.4 வாட், ஆகவே 10 வாட்டுக்குக் குறைந்த ரெசிஸ்டர் வேண்டாம்.

சில ஸ்பீக்கர்களில் வாய்ஸ் காயிலோடு (கோனை அசைக்கும் சுருள்) சீரிஸில் சில சுற்றுகள் மட்டும் கொண்ட இன்னொரு காயில் இருக்கும். உறுமலை அடக்குவது அதன் வேலை. சால்டரை எடுக்கும் முன் வயர்களுக்கு அடையாளம் போடாமல் விட்டு, மாற்றி இணைத்தால் உறுமல் கூடிவிடும். அப்புறம் பாவம், கெபாசிட்டர் மேல் பழி!

கெபாசிட்டர் என்றதும், "பெரிசாப் போட்டா நல்லதுதானே" என்ற நினைப்பு. 5ஒய்3 போன்ற ரெக்டிஃபையர் வால்வுக்கு முதல் கெபாசிட்டர் 8 மைக்ரோஃபாரட் இருந்தால் 10 போடுங்கள். 100 போட்டால் ஒவ்வொரு சைக்கிளிலும் பாயும் கரண்ட்டை வால்வு தாங்காது. பழையதைக் கழற்றாமல் மேலேயே புதியதை இணைப்பதும் வேண்டாம். ஃபீல்டு காயில் நெகடிவ் பக்கம் இருக்கும் செட்களில் முதல் கெபாசிட்டரின் நெகடிவ் சேஸிக்கு (செட்டின் உலோகச் சட்டம்) போகாது. பழைய வயரிங்கைப் பார்த்து, அப்படியே போடுங்கள்.

முதல் முறை கரண்ட் கொடுக்கும்போது சீரிஸ் பல்ப், அதாவது கரண்ட்டைக் கட்டுப்படுத்த மெயின்ஸ் வயரில் சீரிஸாக இணைக்கும் குண்டு பல்ப், கட்டாயம். அணைத்த பிறகும் கெபாசிட்டரில் சார்ஜ் நிற்கும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாமல், ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத செட் என்றால் சேஸியிலேயே மெயின்ஸ் இருக்கலாம்.

கிழிந்த கோனுக்கு (ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு) சூப்பர் குளூ வேண்டாம். அந்த இடம் விறைத்துவிடும். மெல்லிய டிஷ்யூ பேப்பரும் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையும் போதும். காய்ந்ததும் இரண்டு கை விரல்களால் கோனைச் சமமாக, மெதுவாக அழுத்தி, காதை அருகில் வைத்துக் கேளுங்கள். 'கர்' என்று உரசினால் வாய்ஸ் காயில் நடுவில் இல்லை, அல்லது இடைவெளியில் இரும்புத் துகள் சிக்கியிருக்கிறது. நிரந்தரக் காந்த ஸ்பீக்கரில் துகளை ஊதி எடுக்க முடியாது. ஒட்டும் டேப்பின் பசைப் பக்கத்தை உள்ளே விட்டுத்தான் எடுக்க வேண்டும்.