வயிறு காலியாகாத நோய்க்கு எண்டோஸ்கோப்பி சிகிச்சை: சோதிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரைப்பை முடிந்து சிறுகுடல் தொடங்கும் இடத்தில் பைலோரஸ் என்ற தசை வளையம் இருக்கிறது. அரைபட்ட உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்குள் விடுவது அதன் வேலை. காஸ்ட்ரோபரேசிஸ் வந்தவர்களுக்கு, அடைப்பு எதுவும் இல்லாமலே, சாப்பிட்டது மணிக்கணக்கில் இரைப்பையிலேயே நின்றுவிடுகிறது. குமட்டல், வாந்தி, நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுவது என்று அவர்கள் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. நாள்பட்ட சர்க்கரை நோய் ஒரு காரணம். அறுவை சிகிச்சையின்போது, இரைப்பையை இயக்கும் வேகஸ் நரம்பு அடிபடுவது இன்னொன்று. பலருக்குக் காரணமே பிடிபடுவதில்லை.

மருந்தால் குணமாகாதவர்களுக்கு இப்போது ஜி-போயம் என்ற முறை இருக்கிறது. வாய்வழியாக எண்டோஸ்கோப்பை விட்டு, இரைப்பையின் உட்சவ்வுக்கு அடியில் வழி உண்டாக்கி, பைலோரஸ் தசையை வெட்டிவிட்டு, நுழைந்த இடத்தைக் கிளிப் போட்டு மூடிவிடுவார்கள். மனிதருக்கு இதைச் செய்த முதல் அனுபவம் 2013இல் வெளியானது. அதற்குப் பிறகு வந்த பல அறிக்கைகள் ஒரே மாதிரியானவை: இத்தனை பேருக்குச் செய்தோம், பெரும்பாலானோர் தேறிவிட்டார்கள்.

முதல் தவறு அங்கேதான் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாமல் 'தேறிவிட்டார்கள்' என்பதற்கு அர்த்தமில்லை. இந்த நோய் ஏறி இறங்கும் இயல்புடையது. தாங்கவே முடியாத கட்டத்தில்தான் ஒருவர் இப்படிப்பட்ட சிகிச்சைக்குச் சம்மதிக்கிறார். அந்தக் கட்டத்திலிருந்து சில வாரங்களில் தானாகவே கொஞ்சம் தணிவது சகஜம். அதோடு பெரிய சிகிச்சை ஒன்று நடந்துவிட்டது என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது.

போட்டாக்ஸ் விஷயத்தில் இதை நாம் ஏற்கெனவே பார்த்தாயிற்று. தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் மருந்தைப் பைலோரஸில் ஊசியாகப் போட்டால் வளையம் தளரும், வயிறு காலியாகும் என்று ஆரம்ப அறிக்கைகள் நம்பிக்கை தந்தன. 2008இல் வெளியான அமெரிக்கச் சோதனையில் 32 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்குப் போட்டாக்ஸும் மீதிப் பேருக்கு வெறும் உப்புநீரும் போட்டார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், போட்டாக்ஸ் பெற்றவர்களில் 37.5 சதவீதத்தினருக்கு முன்னேற்றம். உப்புநீர் பெற்றவர்களில் 56.3 சதவீதத்தினருக்கு! இந்த எண்களை அறிந்த பிறகும் ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வை ஆதாரமாகக் காட்டுவது நோயாளிகளுக்குச் செய்யும் அநீதி என்றே நினைக்கிறேன்.

சரி, ஒப்பீட்டுக் குழு வைத்தாயிற்று. அவர்களுக்கு என்ன செய்வது? மாத்திரை கொடுத்து அனுப்பினால், தனக்கு வெட்டவில்லை என்பது அவருக்கே தெரிந்துவிடும். பொய்ச் சிகிச்சை என்றால் மயக்கம், எண்டோஸ்கோப்பி, ஆஸ்பத்திரியில் தங்குவது, அப்புறம் கொடுக்கும் உணவுமுறை என எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். தசையை வெட்டுவது மட்டும் இருக்கக் கூடாது. வெட்டிய மருத்துவரிடம் எதையும் மறைக்க முடியாது. அதனால் பிறகு நோயாளியிடம் 'எப்படி இருக்கிறது?' என்று கேட்டு மதிப்பெண் போடுபவர் வேறொருவராக, யாருக்கு எது நடந்தது என்று தெரியாதவராக இருக்க வேண்டும். இதைச் சில்லறை விஷயம் என்று விடுவது பெரிய தவறு.

செக் நாட்டின் பிராக் நகர மருத்துவர்கள் முன்னின்று நடத்தி, 2022இல் வெளியிட்ட சோதனை இந்தப் பாதையில் போனது. 41 பேர் கலந்துகொண்டார்கள். நோய்க்குறி மதிப்பெண் பாதியாவது குறைந்தால்தான் வெற்றி என்று வரையறுத்தார்கள். ஆறு மாத முடிவில் ஜி-போயம் செய்தவர்களில் 71 சதவீதமும், பொய்ச் சிகிச்சை பெற்றவர்களில் 22 சதவீதமும் அந்த அளவைத் தொட்டார்கள். அந்த 22ஐயும் கவனியுங்கள். எதையும் வெட்டாமலே கிடைத்த பலன் அது.

யாரைச் சேர்ப்பது என்பதில் நடக்கும் தவறுகள் வெளியே அவ்வளவாகத் தெரிவதில்லை. நோயை உறுதிசெய்ய, கதிரியக்கப் பொருள் கலந்த முட்டை வெள்ளைக்கரு, ரொட்டி, ஜாம் கொண்ட உணவைக் கொடுத்து நான்கு மணி நேரம் படம் எடுக்க வேண்டும். நான்கு மணி முடிவில் 10 சதவீதத்துக்கு மேல் வயிற்றில் மிஞ்சினால் தாமதம் என்று பொருள். இரண்டு மணியிலேயே முடித்துவிட்டால் சிலருடைய தாமதம் தெரியாமலே போகும். மார்ஃபின் வகை வலிமருந்துகளும், சர்க்கரை நோய்க்கும் எடை குறைக்கவும் போடும் செமாக்ளுடைடு போன்ற ஊசிகளும் வயிற்றைத் தாங்களே மெதுவாக்கும். படம் எடுக்கும் நாள் காலையில் ரத்தச் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தாலும் அப்படித்தான். இவற்றைச் சரிபார்க்காமல் சேர்த்தால், பைலோரஸில் கோளாறே இல்லாத ஒருவருக்கு அதை வெட்டிவிடுவோம். இந்தச் சோதனையை ஒரே ஒரு தடவை செய்துவிட்டு நம்பியிருப்பதும் சரியல்ல. 2021இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஓராண்டுக்குள் சோதனையைத் திரும்பச் செய்தபோது ஐந்தில் இருவர் அளவுக்குத் தாமதம் உள்ளவர் பட்டியலிலிருந்து வெளியே வந்துவிட்டார்கள்.

எதை வெற்றி என்பது? வயிறு வேகமாகக் காலியாவதை மட்டும் காட்டி மகிழ்ந்துபோவது தவறு. வாயிலை வெட்டிவிட்டால் உணவு வேகமாக இறங்குவது எதிர்பார்க்கக்கூடியதுதான். ஆனால் அந்த வேகத்துக்கும் நோயாளியின் குமட்டலுக்கும் உள்ள தொடர்பு பலவீனமானது. அளவுக்கு மீறி வேகமானால் டம்பிங் என்ற புதுத் தொல்லையும் வரலாம்: சாப்பிட்டதும் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு. நோய்க்குறிகளை அளக்க வழக்கமாகப் பயன்படும் ஜிசிஎஸ்ஐ என்ற மதிப்பெண்ணில் குமட்டல், வாந்தி, வயிறு நிறைதல், உப்புசம் எல்லாம் உண்டு, வயிற்றுவலி கிடையாது. வலியால் துடிப்பவரிடம் அதைத் தனியாகக் கேட்காவிட்டால் அவருடைய முக்கியத் துன்பம் கணக்கிலேயே வராது.

கடைசியாக, சின்ன எண்ணிக்கையிலிருந்து பெரிய முடிவு எடுப்பது. பிராக் சோதனையின் 41 பேரைச் சர்க்கரை நோயாளிகள், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், காரணம் தெரியாதவர்கள் என்று மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொரு பக்கமும் சிலரே மிஞ்சுவார்கள். 'இன்னாருக்குத்தான் நன்றாக வேலை செய்கிறது' என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. அந்தச் சோதனை, நடுவழியில் முடிவுகளைக் கணக்குப் பார்த்து, முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. அப்படி நிறுத்தப்படும் சோதனைகளில் பலன் உண்மையைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தெரிய வாய்ப்புண்டு. ஆறு மாதம் கழித்து, பொய்ச் சிகிச்சை பெற்றுத் தேறாதவர்களுக்கும் ஜி-போயம் செய்துகொள்ள வாய்ப்புக் கொடுத்தார்கள். மனிதாபிமானப்படி அது சரியான முடிவு. ஆனால் அதன் பிறகு ஒப்பிடக் குழு இல்லை என்பதால், இரண்டு வருடம், மூன்று வருடம் கழித்து வரும் எண்களை அந்த ஆறு மாத எண்களோடு ஒரே வரிசையில் வைத்துப் படிக்கக் கூடாது.