30 அடிப் பாய்மரப் படகு ரீயூனியன் போய்த் திரும்புமா? கணக்கும் சோதனையும்

மொரீசியஸில் பழைய பாய்மரப் படகு வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது "எவ்வளவு வேகம் போகும்?" என்றுதான். போர்ட் லூயியிலிருந்து பக்கத்துத் தீவான ரீயூனியனின் லெ போர் துறைமுகம் வரை போய்த் திரும்பி வருமா என்று கேட்பதே உபயோகமான கேள்வி. போவது எளிது. சுமார் 130 கடல் மைல். தென்கிழக்குக் காற்று பக்கவாட்டிலிருந்து தள்ளிக்கொண்டே போகும். திரும்பும்போது பிடிக்க வேண்டிய திசை, வடக்கிலிருந்து கிழக்காக ஏறக்குறைய 70 டிகிரி. காற்று சரியாகத் தென்கிழக்கில் (135 டிகிரி) நின்றால் அணியத்துக்கும் (படகின் முன்முனை) காற்றுக்கும் இடையே 65 டிகிரி இருக்கும், நேராக வந்துவிடலாம். அதே காற்று கிழக்குப் பக்கமாகக் கொஞ்சம் திரும்பினால் அந்தக் கோணம் 43 ஆகிவிடும். அலை எழுந்த கடலில் சாதாரண 30 அடிப் படகு அவ்வளவு நெருக்கமாகக் காற்றை எதிர்த்து ஏறாது. இடமும் வலமுமாக மாறி மாறித்தான் வர வேண்டும். ஒரு நாள் பயணம் ஒன்றரை நாளாகும்.

கணக்குக்கு நான்கு அளவுகள் போதும். உதாரணத்துக்கு ஒரு படகு: நீர்க்கோட்டு நீளம் (நீர்மட்டத்தில் அளந்த நீளம்) 7.6 மீட்டர், அகலம் 3.05 மீட்டர், எடை 4.1 டன், பாய்ப்பரப்பு 39 சதுர மீட்டர்.

நீர்க்கோட்டு நீளத்தின் வர்க்கமூலத்தை 2.43-ஆல் பெருக்கினால் உச்ச வேகம் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் வரும். இந்தப் படகுக்கு 6.7. அதற்கு மேல் போக முயன்றால் தானே கிளப்பிய அலையின் பள்ளத்தில் பின்பக்கம் இறங்கிக்கொள்ளும், எவ்வளவு பாய் விரித்தாலும் பலனில்லை. பயணத் திட்டத்துக்கு 5 நாட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எடைக்கு ஏற்ற பாய் இருக்கிறதா என்பது. 4.1 டன்னை 1.025-ஆல் வகுத்தால் படகு தள்ளும் கடல்நீர் 4 கன மீட்டர். அதன் கனமூலம் 1.587, அதை அதனாலேயே பெருக்கினால் 2.52. பாய்ப்பரப்பை இதனால் வகுத்தால் 15.5. நெடும்பயணப் படகுக்கு 15 முதல் 18 வரை நல்ல எண். 14-க்குக் கீழே போனால் இலேசான காற்றில் இன்ஜினை நம்பித்தான் ஓட்ட வேண்டும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். விற்பனைத் தாளில் இருப்பது வெறும் படகின் எடை. தண்ணீர் 200 லிட்டர், டீசல் 80 லிட்டர், 8 மி.மீ. நங்கூரச் சங்கிலி 50 மீட்டர் (இதுவே சுமார் 70 கிலோ), இரண்டு ஆட்கள், சாப்பாடு, சாமான் என்று ஏற்றினால் அரை டன் சுலபமாகக் கூடும். அப்போது 15.5 என்பது 14.3 ஆகிவிடும். உங்கள் படகில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கத் தராசு வேண்டாம். அசைவில்லாத தண்ணீரில், படகு காலியாக இருக்கும்போது தளத்தின் விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை அணியத்திலும் பின்புறத்திலும் இரு பக்கங்களிலும் டேப்பால் அளந்து எழுதிவையுங்கள். சாமான் ஏற்றியபின் திரும்ப அளங்கள். இந்த அளவுள்ள படகு 1 செ.மீ. இறங்க ஏறக்குறைய 150 கிலோ வேண்டும். அணியம் மட்டும் அதிகமாக இறங்கியிருந்தால் சங்கிலியில் பாதியைப் பாய்மரத்தடிக்கு நகர்த்துங்கள். இல்லாவிட்டால் ஒவ்வோர் அலையிலும் மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்கும்.

கவிழ்வதைப் பற்றிய கணக்கும் ஒன்று உண்டு. 1979 ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயத்தில் புயலில் 15 மாலுமிகள் இறந்தபின் பரவிய சூத்திரம்: அகலத்தை, மேலே கண்ட கனமூலத்தால் வகுக்க வேண்டும். விடை 2-க்குக் கீழே இருந்தால் பரவாயில்லை என்பார்கள். நம் படகுக்கு 1.92. ஆனால் அரை டன் ஏற்றிய பிறகு அதே கணக்கு 1.85 என்று காட்டும், ஏதோ படகு இன்னும் பத்திரமாகிவிட்டதுபோல! அந்த அரை டன்னைத் தளத்தின் மேல் கட்டிவைத்தாலும் விடை அதேதான். எடை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது சூத்திரத்துக்குத் தெரியாது. எனவே இதைத் தவறான படகை ஒதுக்க மட்டும் பயன்படுத்துங்கள், சரியான படகைத் தேர்ந்தெடுக்க அல்ல.

அதைவிட நம்பத்தக்கது, எத்தனை டிகிரி சாய்ந்த பிறகும் படகு தானாக நிமிரும் என்ற எல்லை. படகுகளின் நிலைப்புக்கான ஐஎஸ்ஓ 12217 தரத்தின் 'ஏ' வகைக்கு (திறந்த பெருங்கடலுக்கானது) இந்த எடையில் சுமார் 122 டிகிரியாவது வேண்டும். பழைய படகுக்கு இந்த எல்லையைக் காட்டும் தாள் கிடைக்காமல் போகலாம். அப்போது ஓர் ஒப்பீட்டுச் சோதனை செய்யலாம். காற்றில்லாத காலையில் கட்டுக் கயிறுகளைத் தளர்த்திவிட்டு, பாய்மரத்தின் பக்கக் கம்பியைப் பிடித்துத் தாளத்தோடு ஆட்டி விடுங்கள். பத்து முழு ஆட்டத்துக்கு எத்தனை விநாடி என்று எண்ணிப் பத்தால் வகுங்கள். ராடார், சோலார் தகடு, தளத்தில் டீசல் கேன் என்று ஏற்றிய பிறகு மறுபடி எண்ணுங்கள். ஆட்டம் மந்தமாகியிருந்தால் எடை மேலேயோ ஓரத்திலோ போய்விட்டது. மந்தமான ஆட்டம் உடம்புக்குச் சுகமாக இருக்கும், அதில் மயங்காதீர்கள்.

கடலில் சோதிக்க மேற்குக் கரை சரிப்படாது. ரிவியேர் நுவார் பக்கம் மலை காற்றை மறைப்பதால் எந்தப் படகும் அங்கே சமர்த்தாகத் தெரியும். வடக்கே கிராண்ட் பேயிலிருந்து கிளம்பி, குவான் த மீர் தீவைத் தாண்டி, பெரிய அலை தடையின்றி வரும் இடத்துக்குப் போங்கள். காற்று 15 முதல் 20 நாட் இருக்கட்டும். காற்றுக்கு எதிராக இடமும் வலமும் பத்துப் பத்து நிமிடம் ஓட்டி, ஜிபிஎஸ் தடத்தில் இரண்டு கோடுகளுக்கும் இடையிலான கோணத்தைப் பாருங்கள். 100 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. 120 என்றால் பாய் வயிறு தொங்கிப்போயிருக்கும், அல்லது அடியில் சிப்பி பிடித்திருக்கும். முதலில் அடியைச் சுரண்டிப் பாருங்கள், புதுப் பாய் பிறகு. சாய்வு 20 டிகிரியைத் தாண்டிச் சுக்கான் கையை இழுத்தால் பெரிய பாயை ஒரு மடிப்பு சுருக்குங்கள். பெரும்பாலும் வேகம் குறையாது. படகு பக்கவாட்டில் சறுக்குவது குறையும்.

கடலைத் தாங்கும் தன்மை பெரும்பாலும் ஓட்டைகளைப் பற்றியது. 40 மி.மீ. குழாய் நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே பிய்ந்தால் நிமிடத்துக்கு 140 லிட்டர் உள்ளே வரும். கைப்பம்பால் அதோடு நெடுநேரம் போட்டிபோட முடியாது. படகின் உடலில் குழாய் நுழையும் இடத்திலுள்ள ஒவ்வொரு வால்வையும் திருப்பிப் பாருங்கள், பக்கத்திலேயே மரக்கட்டை அடைப்பு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். சுக்கான் பிடிப்பவர் உட்காரும் பள்ளம் நிறைந்தால் ஒரு டன் தண்ணீர். வடிகாலை அடைத்து, பள்ளத்தை நிரப்பி, திறந்துவிட்டுக் கடிகாரம் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனால் குழாய் சிறியது, அல்லது எங்கோ மடங்கியிருக்கிறது. கீலும் (படகின் அடியில் உள்ள எடைத் துடுப்பு) உடலும் சேரும் இடத்தில் விரிசலோ துருக்கோடோ தெரிந்தால், பேரம் பேசும் முன் போல்ட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பேட்டரியும் தரைப்பலகையும் படகு தலைகீழானாலும் நகராதபடி கட்டப்பட்டிருக்க வேண்டும். பேட்டரிப் பெட்டியின் பட்டையை இரண்டு கையாலும் மேலே இழுத்துப் பாருங்கள். திருகு மரத்திலிருந்து அசைந்தால், போல்ட் போட்டு மறுபுறம் தகடு வையுங்கள்.